தேரைச்சாமியும் பதினொரு கல்லும்

சுவிஸ் நாட்டு லாங்கன்தாலில் ஒரு கல் பிளந்து, அதற்குள்ளிருந்து ஒரு தேரை உயிரோடு வெளியே வந்தது. எண்பத்தேழாம் ஆண்டு மார்ச் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குள் செய்தி ஓர்லிகோனுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பொடியன்கள் அதைப்பற்றிக் கதைத்தார்கள். லாங்கன்தாலில் எலுமிச்சம்பழம் அளவாக இருந்த தேரை ஓர்லிகோனில் தேங்காய் அளவாகியது. லா ஷோ-து-ஃபோனில் அதன் நெற்றியில் மூன்று கோடு திருநீறும் இருந்தது.

அடுத்த ஞாயிறு சனம் ரெயில் ஏறி வந்தது. குழந்தை தூக்கி வந்தார்கள், கற்பூரம் கொண்டு வந்தார்கள். ரெயிலுக்கு அரைக்கட்டண அட்டை எடுக்க மூன்று நாள் யோசிக்கிற சனம், தேரை பார்க்க ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

தேரையை வெளியே எடுத்தவர் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. ஒரு மாதத்துக்கு முன்வரை அவரை எல்லோரும் ஸ்ரீ என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லறைக் கல் வெட்டுகிற பட்டறை ஒன்றில் தரை கூட்டுகிற வேலை. இப்போது தேரைச்சாமி. பட்டறைக் கூட்டுமாறு அப்படியேதான் இருந்தது. தாடியும் வேட்டியும்தான் புதிது.

கோயில் எங்கே என்றால், அவர் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற அறையில். அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பம். தோய்க்க ஆளுக்கொரு நாள் முறை. ஞாயிற்றுக்கிழமை யாரும் தோய்க்கக்கூடாது. தோய்த்தால் மேல்வீட்டுக்காரர் பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பார். ஆகவே கிழமையில் ஒருநாள் அந்த அறை சும்மா கிடந்தது. ஆண்டவன் குடியேற அது போதுமாயிருந்தது. தோய்க்கிற இயந்திரத்தின்மேல் பட்டுத்துணி, பட்டுத்துணியின்மேல் கல், கல்லைச் சுற்றி ஊதுபத்தி.

பாறைக்குள் தேரை உயிரோடு கிடக்கும், கடவுள் அதற்கும் பசி தீர்ப்பார் என்று நம் சனம் பால்குடியிலிருந்தே கேட்டு வருகிறது. யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் இத்தனை காலம் நம்பிக்கை கெடாமல் இருந்தது. சாமி அதைக் கண்முன்னே காட்டினார். கையளவு உளியைக் கல்லின்மேல் வைத்து, மந்திரம் முணுமுணுத்து, ஒரே ஒரு தட்டு. தாலாட்டுகிற மாதிரி மெதுவான தட்டு. கல் இரண்டாய் விரியும். உள்ளே தேரை கண்ணைச் சிமிட்டும். சனம் அரோகரா என்னும், அதுவும் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது.

வெறும் தேரை காட்டிக் காசு பார்த்திருந்தால் இந்தக் கதையை எழுதவேண்டிய தேவையே இல்லை. தேரை காட்டியது கடைவாசலில் பொம்மை வைத்த மாதிரி. வியாபாரம் உள்ளே நடந்தது.

அந்த வருடம் தலைநகர் பேர்ணிலிருந்து அகதி விண்ணப்பத்துக்குப் பதில் கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. முக்கால்வாசி நெகட்டிவ். சாமி சொன்னார்: "கல்லுக்குள்ள அடைபட்ட தேரை வெளிய வருகுதெண்டால், உந்தக் கடுதாசிக்குள்ள அடைபட்ட விசா வராதோ? ஆளுக்கொரு கல் எடுத்துத் தாறன். அதுக்குக் கீழ கடிதத்தை வையுங்கோ. நாப்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம் முடியக் கல்லை உடைப்பம். உள்ள இருக்கிற தேரை உங்கட வழக்கை முடிச்சுத் தரும். ஆனால் இடையில வேற கை படக்கூடாது. லோயரிட்டப் போகக்கூடாது, கந்தோருக்குப் போகக்கூடாது. போனால் தேரை செத்துப்போம். அந்தப் பாவம் குடும்பத்தைப் பிடிக்கும்."

கல்லொன்றுக்கு நூற்றைம்பது பிராங். பதினொரு பேர் வைத்தார்கள். சுவரோரம் பதினொரு ஆற்றுக்கல், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பேர்ண் கடிதம். மூன்றாம் ஞாயிறு கல்லுக்குள்ளிருந்து ஒரு தேரைக்குப் பதில் இரண்டு வந்தன, ஒன்றின் முதுகில் மற்றது இறுகப் பிடித்தபடி. சாமி ஒரு விநாடிதான் திகைத்தார். பிறகு சிவசக்தி என்றார். அன்று கல்லின் விலை இருநூறு ஆகியது.

இந்தப் புதினம் எல்லாம் சிவலிங்கத்தின் காதுக்கும் வந்தது. சிவலிங்கம் உரும்பிராய் ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பத்தொன்பது வருடம் கிணறு வெட்டியவர். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுவது மண் கிண்டுவதல்ல. பத்தடிக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். உளி, அலவாங்கு, சம்மட்டி, அதுவும் சரிவராவிட்டால் வெடி. இப்போது லாங்கன்தாலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறார். அதுவும் தண்ணீரோடு சேர்ந்த வேலைதான் என்று சொல்லிக்கொள்வார்.

சிவசக்தி கதையைக் கேட்டபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஏனென்றால், அவர் விடிய வேலைக்குப் போகிற காட்டோர றோட்டில் தினமும் நாலைந்து சிவசக்தியைக் கண்டுகொண்டிருந்தார். பனி உருகி முதல் மழை விழுந்ததும் இந்த நாட்டுத் தேரைகள் காட்டைவிட்டு இறங்கிக் குளத்துக்கு நடக்கின்றன. கலியாணம் கட்டி முட்டையிட. நடுவில் றோட்டு. கார் நசுக்கும். ஆகவே இந்த ஊர்ச் சனம் றோட்டோரம் முழங்கால் உயரத்துக்கு வேலி கட்டி, வேலியோரம் வாளிகளைப் புதைத்து, விடிந்ததும் வந்து வாளியில் விழுந்த தேரைகளை எடுத்துப்போய் மறுபக்கம் விடுகிறது. முதல்நாள் பார்த்தபோது, தின்பதற்குத்தான் பிடிக்கிறார்கள் என்று சிவலிங்கம் நினைத்தார். அப்படி இல்லை என்று தெரிந்ததும் வேலைக்குப் போகாமல் நின்று பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தன்னை யாரும் இப்படிக் கையில் ஏந்தி றோட்டுக் கடத்திவிட்டதில்லை என்று அவருக்குப் பட்டது.

வாளி தூக்குகிறவள் ஃபிறவ் ஏபி, அதாவது திருமதி ஏபி, தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற மனுசி. சிவலிங்கம் இரண்டு வாளி தூக்கிக் கொடுப்பார். மனுசி தேரையைத் தொடுமுன் கையைத் தண்ணீரில் நனைப்பாள். ஏன் என்று சைகையில் கேட்டார். அவள் தன் கைத்தோலைக் கிள்ளிக் காட்டினாள். தேரையின் தோலைத் தொட்டாள். தண்ணீர் குடிக்கிற மாதிரியும் மூச்சு இழுக்கிற மாதிரியும் நடித்தாள். காய்ந்த கையைக் காட்டிக் கழுத்தைச் சரித்து நாக்கை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படிக்காததைச் சிவலிங்கம் அரை நிமிடத்தில் படித்தார். தவளை, தேரை, இந்தக் குலம் முழுக்க நீரிலும் பாதி, நிலத்திலும் பாதி. தோலால் குடிக்கும், தோலாலும் மூச்சுவிடும். தோல் காய்ந்தால் செத்தது.

இருந்தும் அவர் சாமியிடம் போகவில்லை. முட்டாள்கள் காசு கொடுத்தால் எனக்கென்ன என்று இருந்தார். ஏப்ரல் பதினோராம் திகதி சனிக்கிழமை தங்கை ஜெயகௌரி வீட்டுக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தார்.

ஜெயகௌரிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. புருசன் இரவீந்திரனுக்கு ஒரு ஹொட்டேலில் சனி ஞாயிறும் வேலை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பதிவுத்தபால் துண்டொன்று ஒட்டியிருந்தது. சிவலிங்கத்துக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வாசிக்கத் தெரியாது. இலக்கம் வாசிக்கத் தெரியும்.

"பேர்ணில இருந்து வந்ததோ?"

"ஓம்."

"என்னவாம்?"

அவள் குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். "நெகட்டிவ்."

"போன மாதம் பதினாலாம் திகதி வந்திருக்கு. முப்பது நாள் தவணை. திங்கட்கிழமை முடியுது. றெக்கூர்ஸ் எழுதியாச்சோ?" றெக்கூர்ஸ் என்பது மேல்முறையீடு. முப்பது நாளுக்குள் போடாவிட்டால் பிறகு ஒருத்தனும் காது கொடுக்கமாட்டான்.

"இல்லை அண்ணை."

"கடிதத்தை எடு பாப்பம்."

"வீட்டில இல்லை."

"எங்க?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"கல்லுக்குக் கீழ வைச்சிட்டியோ?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. அதாலதான் உங்களிட்டச் சொல்லேல்லை. நாலு ஞாயிறு போயிட்டுது. இன்னும் இருவது நாளில முடிஞ்சிடும். இப்ப எடுத்தால் தேரை செத்துப்போமண்ணை. பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்யிறது?"

"நாட்டுக்காரன் முப்பது நாள் எண்டு எழுதியிருக்கிறான். உன்ர தேரை நாப்பத்தெட்டு எண்டுது. பேர்ணில இருக்கிறவன் ஆரின்ர பேச்சைக் கேப்பான்?"

"கத்தாதையுங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளுது."

"சாமி வேற எத்தினை பேருக்கு விசா எடுத்துக் குடுத்தவர்?"

"ஒருத்தருக்கும் இன்னும் மண்டலம் முடியேல்லை."

"முடியாது. முடியிறதுக்குள்ள ஆள் இருக்காது."

கடிதம் இல்லாமல் றெக்கூர்ஸ் எழுத ஏலாது. வழக்கிலக்கமும், ஏன் மறுத்தார்கள் என்ற காரணமும் அதில்தான். அகதிகளுக்கு எழுதிக்கொடுக்கிற உதவிக் கந்தோர் திங்கள் காலைதான் திறக்கும். இடையில் இருப்பது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. பறித்து எடுக்கலாம். ஆனால் குழந்தைக்கு நாளை தடிமன் காய்ச்சல் பிடித்தாலும் தங்கை அவர் முகத்தில் முழிக்கமாட்டாள். கந்தோரில் கையெழுத்துப் போடவேண்டியதும் அவள். கையைப் பிடித்துக் கையெழுத்து வைக்க முடியாது.

"சரி," என்றார் சிவலிங்கம். "நாளைக்கு நானும் வாறன். உன்ர கல்லுக்குள்ள தேரை இருந்தால் கடிதத்தைத் தொடமாட்டன். நானும் ஒரு கல் வைக்கிறன். இல்லாட்டி நீ என்னோட திங்கட்கிழமை கந்தோருக்கு வரவேணும். சம்மதமோ?"

அவள் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தலையாட்டினாள். தேரை இருக்கும் என்று அவளுக்கு நிச்சயம்.

ஞாயிறு காலை. நிலவறையில் அறுபது எழுபது பேர். ஊதுபத்திப் புகையில் தோய்க்கிற இயந்திரமே தெரியவில்லை. சிவலிங்கத்தின் தோளில் உருளைக்கிழங்குச் சாக்கு. உள்ளே கடை வேலைக்காரனிடம் இரவல் வாங்கிய சுத்தியலும் உளியும். செருப்பைக் கழற்றினார். அதுதான் அவர் காட்டிய மரியாதை.

"சாமி, எனக்கொரு சந்தேகம்," என்றார்.

"கேளும் தம்பி," என்றார் சாமி. சிவலிங்கம் அவருக்கு மூன்று வயது மூத்தவர்.

"பத்தொன்பது வருசம் கல் உடைச்சனான். ஒரு நாளும் தேரை வரேல்லை. தேள் வந்தது, ஒருக்காப் பாம்பும் வந்தது, எல்லாம் வெடிப்புக்குள்ளால வந்ததுகள். ஏன் எனக்கு மட்டும் தேரை வரேல்லை?"

"நீர் காசுக்கு உடைச்சனீர். நான் பக்தியோட உடைக்கிறன்."

சனம் சிரித்தது. சாமியின் பக்கத்தில் நின்ற யோகராஜா கூடச் சிரித்தான். ஓர்லிகோன் பொடியன். சனம் திரண்ட முதல் ஞாயிறே கடிதம் வைத்தவன். அன்றிலிருந்து சாமிக்குத் தண்ணீர் எடுத்து, பட்டு விரித்து, சனத்தை வரிசையில் விடுகிறவன்.

"நல்லது," என்றார் சிவலிங்கம். "நான் உடைக்கேல்லை. தட்டிப் பாக்கிறன். தட்டினால் தேரை சாகாதுதானே?"

சாமி வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தட்டும்," என்றார்.

சிவலிங்கம் சுவரோரம் குந்தினார். சுத்தியலால் முதல் கல்லைத் தட்டினார். ணங். இரண்டாவது, ணங். பதினொன்றையும் தட்டி முடித்தார். மணி அடித்த மாதிரி எல்லாம் ஒரே சத்தம். பிறகு எழும்பி இயந்திரத்தின்மேல் பட்டுக்கு மேலே இருந்த கல்லை, அன்றைக்குத் தரிசனத்துக்கு வைத்திருந்த கல்லைத் தட்டினார்.

தொப்.

"இன்னொருக்கா அடியும் தம்பி," என்றாள் பின்னால் நின்ற தில்லைநாயகி. லா ஷோ-து-ஃபோனில் இருந்து வந்த மனுசி. ஐந்தாம் கல் அவளுடையது.

தொப்.

"கேட்டியளோ? நிறைகல் ணங் எண்டும். உள்ளுக்குக் குழி இருந்தால் தொப் எண்டும். உங்கட பதினொண்டும் நிறைகல். தேரை இருக்கக் குழி வேணும். குழி இருக்கிறது சாமியின்ர கல்லில மட்டும்."

"தேரை சூக்குமமாய் இருக்கும்," என்றார் சாமி. "மண்டலம் முடியத்தான் உருவம் எடுக்கும். அதுவரைக்கும் கல் ஒலிக்கும்."

சனம் தலையாட்டியது. பாருங்கள், ஒரு சொல் போதும். அந்தச் சூக்குமத்துக்குள் எவ்வளவு பெரிய தேரையையும் ஒளிக்கலாம். ஜெயகௌரியும் தலையாட்டினாள்.

சிவலிங்கம் மூலையில் கிடந்த வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்தார். தோய்க்கிற அறை. தண்ணீருக்குக் குறைவில்லை. ஜெயகௌரியின் கல்லைத் தூக்கி வாளிக்குள் விட்டார். கல் போய் அடியில் இருந்தது. ஒரு குமிழும் இல்லை. அதை எடுத்துவிட்டுத் தரிசனக் கல்லை எடுத்தார். சாமி கையைப் பிடித்தார்.

"அவிசுவாசி தொடப்படாது."

"விடுங்கோ சாமி," என்றாள் தில்லைநாயகி. "தண்ணிக்குள்ள வைக்கிறது அபிசேகம்தானே. அதில என்ன பாவம்?"

அபிசேகம் என்றதும் சாமி கையை விட்டார். தன் வாயால் அதை மறுக்க முடியாது.

கல் தண்ணீருக்குள் இறங்கியது. முதலில் ஒரு குமிழ். பிறகு இரண்டு. பிறகு கல்லின் இடுப்பைச் சுற்றி, வட்டமாக, ஒரு கோட்டில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. சனம் வாளியைச் சுற்றிக் குனிந்தது.

"ஆயிரம் வருசத்துக் கல் எண்டால் காத்து எங்கால வருகுது?" என்றார் சிவலிங்கம். "அதுவும் கோடு போட்ட மாதிரி?"

கல்லை எடுத்துத் துடைத்தார். அந்தக் கோட்டில் உளி நுனியை வைத்துக் கிளறினார். கல்தூள் குழைத்த மெழுகு சுருள் சுருளாக வந்தது. தகரப்பேணி மூடி மாதிரிக் கல் திறந்தது. உள்ளே ஈரப்பாசி. பாசியின்மேல் பழுப்பு நிறத் தேரை. தூக்கியதும் சிவலிங்கத்தின் கை முழுக்க மூத்திரம் பெய்தது.

"பாவம்," என்றார். "ஆயிரம் வருசம் அடக்கி வைச்சிருந்திருக்கு."

ஒருவன் சிரித்தான். பிறகு இன்னொருவன். பயமாக இருந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டால் சாமிமாருக்குச் சங்கடம்.

"இந்தச் சீவனுக்குத் தோல்தான் வாய். காத்தும் ஈரமும் இல்லாமல் ரெண்டு நாளில கருவாடு. அதுதான் பாசி நனைச்சு வைச்சிருக்கிறார். வெட்டுமுகத்தைத் தடவிப் பாருங்கோ. உடைஞ்ச கல் கையைக் கிழிக்கும். இது வாளால அறுத்த சீஸ் மாதிரிக் கிடக்கு. கல்லறைப் பட்டறையில வாள் இருக்குதோ இல்லையோ எண்டு ஸ்ரீயிட்டயே கேளுங்கோ. தேரை எங்க எடுக்கிறது எண்டும் கேளுங்கோ. காட்டோர வாளியில கிடக்கு, நான் தினமும் காணுறன். அந்தச் சிவசக்தி கலியாணம் கட்டக் குளத்துக்குப் போன சோடி. ஆண் பிடிச்சால் விடாது. இந்த மனுசனால பிரிக்க ஏலாமல் போட்டுது."

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் சாமி. "சனம்தான் நம்பினது."

அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஆனால் ஜெயகௌரி இன்னும் தன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணை, அது சாமியின்ர கல். இது என்ரை. இதுக்குள்ள இருந்தால்?"

சிவலிங்கம் அவளோடு வாதாடவில்லை. கல்லைத் தரையில் வைத்துத் திருப்பித் திருப்பி நரம்பு ஓடுகிற பக்கத்தைத் தேடினார். உளியை வைத்து ஓங்கினார். தாலாட்டு அல்ல, கிணற்று அடி. கட்டடம் அதிர்ந்தது. பதினேழு அடி. ஏழாவது அடியில் மேல்மாடியில் கதவுகள் திறந்தன. பன்னிரண்டாவதில் வீட்டுப் பராமரிப்பாளன் செருப்போடு ஓடிவந்து "ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை" என்று டொச்சில் கத்தினான். பதினேழாவதில் கல் பிளந்தது.

உள்ளே கல்.

ஜெயகௌரி குந்தியிருந்து இரண்டு பக்கத்தையும் விரலால் தடவினாள். பிறகு எழும்பி, கல் இருந்த இடத்துக்குப் போய், ஈரம் பட்டிருந்த கடிதத்தை எடுத்துக் குழந்தையின் போர்வைக்குள் வைத்தாள். யாரையும் கேட்கவில்லை.

பிறகு ஒரே அடிபிடி. எல்லோரும் தங்கள் கல்லைப் புரட்டினார்கள். தில்லைநாயகி கடிதத்தை எடுத்துவிட்டு, கல்லைச் சாமியின் காலுக்குக் கிட்டப் போட்டாள். மயிரிழையில் தப்பினார். பராமரிப்பாளன் ஒன்றும் விளங்காமல் நிற்க, அந்தக் கலவரத்தில் சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார்.

யோகராஜா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கடிதம் கையில் இருந்தது.

"அண்ணை, என்ரை நாலாம் திகதி வந்தது. போன மாதம் நாலு."

சிவலிங்கம் விரலில் எண்ணினார். முப்பத்தொன்பது. எண்ணிய கையை மடித்துக்கொண்டார்.

"இப்பவும் போடலாம்தானே?"

"நாளைக்கு எங்களோட வா. கேட்டுப் பாப்பம்."

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கந்தோர் வாசலில் மூவரும் நின்றார்கள். அங்கே இருந்த மனிதர் ஜெயகௌரியின் கடிதத்தில் திகதியைப் பார்த்துவிட்டு மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தட்டச்சில் குந்தினார். பிற்பகல் நாலரைக்கு றெக்கூர்ஸ் பதிவுத்தபாலில் போனது. யோகராஜாவின் கடிதத்தைப் பார்த்தவர் மேல்சட்டையைக் கழற்றவில்லை. தவணை ஏன் தவறியது என்று பேர்ணுக்கு எழுதவேண்டும், நியாயமான காரணம் இருந்தால் சொல் என்றார். யோகராஜா சிவலிங்கத்தைப் பார்த்தான். தேரை என்று டொச்சில் எப்படிச் சொல்வது என்று, வாளி தூக்கிய பழக்கத்தில், சிவலிங்கத்துக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

தேரையைச் சிவலிங்கம் அன்று விடியவே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஃபிறவ் ஏபியிடம் கொடுத்திருந்தார். எங்கே எடுத்தாய் என்று கேட்டாள். கையாலும் காலாலும் நடந்ததைச் சொன்னார். மனுசியின் முகம் சிவந்தது. நேரே பொலிசுக்குப் போனாள். சாமி ஒரு கிழமை கழித்துப் பிடிபட்டார். சனத்தை ஏமாற்றியதற்காக அல்ல. அதைப்பற்றி ஒருவரும் முறையிடவில்லை, வெட்கம். பாதுகாக்கப்பட்ட பிராணிகளை வாளியிலிருந்து களவாக எடுத்ததற்காகத் தண்டப்பணம்.

இந்த நாட்டில் தேரைக்குச் சட்டம் இருக்கிறது, வேலி இருக்கிறது, கையில் ஏந்தி றோட்டுக் கடத்திவிட ஆளும் இருக்கிறது. யோகராஜாவுக்கு இருந்தது அவன் தலை ஒன்றுதான். அதை அவன் ஒரு கல்லுக்குக் கீழே வைத்துவிட்டுத் தவணை தாண்டும்வரை கும்பிட்டான். உங்களுடையது தோளின்மேல் இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பாருங்கள். இருந்தால், தட்டியும் பாருங்கள்.